சரக்கு நனைந்து வந்தது, கப்பல் கம்பெனி எட்டு மாதமாகப் பேசிக்கொண்டே இருக்கிறது. வழக்குப் போடலாமா, ஆர்பிட்ரேஷனா (நடுவரிடம் போவதா)?

அதை அப்புறம் பார்க்கலாம், முதலில் தேதியைப் பாருங்கள். உங்கள் பில் ஆஃப் லேடிங்குக்கு (சரக்கை ஏற்றிக்கொண்டதற்குத் தரும் ஆவணம், சுருக்கமாக பில்) ஹேக்-விஸ்பி விதிகள் (கடல்வழிச் சரக்குக்கான சர்வதேச விதிகள்) பொருந்தினால், டெலிவரி ஆன நாளிலிருந்து 1 வருடம்தான் கெடு. அதற்குள் நடவடிக்கை தொடங்காவிட்டால் கிளெய்ம் அதோடு போச்சு. பேச்சுவார்த்தை நடப்பதால் கெடு நின்றுவிடாது. "பரிசீலனையில் உள்ளது" என்று மாதாமாதம் மெயில் போட்டவரே, கெடு தாண்டிய மறுநாள் "டைம் பார்" அதாவது கெடு முடிந்துவிட்டது என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்.

ஹாம்பர்க் விதிகள் என்ற இன்னொரு சர்வதேச விதித்தொகுப்பில் 2 வருடம் உண்டே என்று கீழே யாராவது கேட்பார்கள். உண்டு. ஆனால் உங்கள் பில்லுக்கு அது பொருந்தும் என்று உறுதியாகத் தெரியாதவரை 1 வருடம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஃபார்வர்டர் (சரக்கு அனுப்ப ஏற்பாடு செய்யும் இடைநிலை நிறுவனம்) தன் பெயரில் கொடுத்த ஹவுஸ் பில் என்றால் பின்பக்கத்தைப் படியுங்கள், சிலவற்றில் 9 மாதம்தான்.

அதனால் இன்றே எழுத்தில் கெடு நீட்டிப்புக் கேளுங்கள். யாரிடம் என்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். பில்லின் மேலே பெரிதாக இருக்கும் பெயரை மட்டும் நம்பாதீர்கள், கீழே கையெழுத்து யாருக்காகப் போடப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். "மாஸ்டருக்காக, ஏஜென்ட்" என்றிருந்தால் (மாஸ்டர் என்றால் கப்பல் கேப்டன்) பெரும்பாலும் கப்பல் உரிமையாளர்தான் கேரியர், அதாவது சரக்குக்குப் பொறுப்பானவர். சார்ட்டரர் (கப்பலை வாடகைக்கு எடுத்தவர்) கொடுத்த நீட்டிப்பு உரிமையாளரைக் கட்டுப்படுத்தாது. இருவரிடமும் தனித்தனியாக வாங்குங்கள். பி அண்ட் ஐ கிளப் (கப்பல் தரப்பின் பொறுப்புக்கு இன்ஷூரன்ஸ் தரும் அமைப்பு) பதில் போட்டால், எந்தெந்தக் கம்பெனி சார்பில் என்று பெயரோடு எழுதச் சொல்லுங்கள்.

இனி உங்கள் கேள்வி. எந்த மன்றம் என்பதை பில்தான் சொல்லும். சார்ட்டர்பார்ட்டியை (கப்பலை வாடகைக்கு எடுத்த ஒப்பந்தம்) இணைக்கும் வரி இருந்தால் அதன் நகலையும் கேட்டு வாங்குங்கள். ஆங்கிலச் சட்டப்படி "எல்லா நிபந்தனைகளும் அடங்கும்" என்ற பொதுவான வரி போதாது, ஆர்பிட்ரேஷன் ஷரத்தையும் குறிப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். தவறான இடத்தில் போட்ட வழக்கு கெடுவைக் காப்பாற்றும் என்று நம்ப வேண்டாம். சந்தேகம் இருந்தால் இரண்டு இடத்திலும் தொடங்கிவைப்பார்கள், செலவுதான், வேறு வழியில்லை.

ஆதாரத்தில் முக்கியமானது சில்வர் நைட்ரேட் சோதனை. நனைந்த இடத்தில் சொட்டு விட்டால் பால்போல் வெள்ளையாகத் திரிந்தால் குளோரைடு இருக்கிறது, கடல்நீர் என்று வாதிடலாம். திரியாவிட்டால் மழைநீரோ கண்டெய்னர் உள்ளே வேர்த்த நீரோ. உடனே "உங்கள் பேக்கிங் சரியில்லை" என்பார்கள். உப்பு கலந்த சரக்கிலேயே இந்தச் சோதனையைச் செய்து ஏமாறாதீர்கள், அட்டையிலும் கண்டெய்னர் சுவரிலும் செய்யச் சொல்லுங்கள். 3 நாளுக்குள் கேரியருக்குச் சேத நோட்டீஸ் தராவிட்டால் எல்லாம் போயிற்று என்பது தவறு. சரக்கு நல்லபடியாக வந்தது என்ற அனுமானம் வரும், அதை சர்வே ரிப்போர்ட்டால் (சேதத்தை நேரில் பார்த்து எழுதிய அறிக்கை) உடைக்கலாம்.

ஹேக்-விஸ்பியில் தொகைக்கு உச்சவரம்பும் உண்டு: ஒரு பெட்டிக்கு 666.67 எஸ்டிஆர் (ஐஎம்எஃப்பின் கணக்கு அலகு), அல்லது சேதமான சரக்கின் மொத்த எடையில் கிலோவுக்கு 2 எஸ்டிஆர், எது அதிகமோ அது. 25 கிலோ வீதம் 800 பெட்டி முழுதும் கெட்டது என்று வையுங்கள். பில்லில் "1 கண்டெய்னர்" என்று மட்டும் இருந்தால் எடைக்கணக்கில் 40,000 எஸ்டிஆரோடு நின்றுவிடும். "800 பெட்டிகள்" என்று இருந்தால் வரம்பு 5,33,336. வரம்புதான் உயர்கிறது, கிடைப்பது உண்மையான நஷ்டம் மட்டுமே.

இன்ஷூரன்ஸ் இருந்தால் அவர்களைக் கேட்காமல் கேரியரிடம் எந்த செட்டில்மென்ட் பேப்பரிலும் கையெழுத்துப் போடாதீர்கள், அவர்கள் பின்னால் கேரியரிடம் வசூலிக்கும் உரிமை அதில் போய்விடும்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன், வயிற்றெரிச்சல். சர்வேயரை அனுப்ப வாரக்கணக்கில் இழுப்பதும் லைன்தான் (கப்பல் கம்பெனி), அந்த நாட்களுக்கெல்லாம் கண்டெய்னரைத் திருப்பித் தரத் தாமதம் என்று டிடென்ஷன் கட்டணம் போடுவதும் லைன்தான்! அதைக் கட்டித்தான் ஆக வேண்டுமென்றால் "ஆட்சேபத்துடன் கட்டுகிறேன்" என்று எழுதிக் கட்டுங்கள். சர்வேயரை அனுப்பச் சொல்லி நீங்கள் போட்ட ஒவ்வொரு மெயிலையும் தேதியோடு அதனுடன் இணையுங்கள்.