கொசுக்களை மட்டுமே தொற்றும் வைரஸ்கள் உண்டா? மனிதரோ விலங்கோ இல்லாமல் அவை எப்படித் தாக்குப்பிடிக்கின்றன?

உண்டு, நிறையவே. டெங்கு வைரஸின் குடும்பத்தில் முதலில் சிக்கியது 1975-இல். ஆய்வகத்தில் வளர்த்த ஏடிஸ் எஜிப்டி கொசு செல்களின் வளர்ப்புத் திரவத்தை ஏடிஸ் அல்போபிக்டஸ் என்ற இன்னொரு கொசுவின் செல்களில் விட்டபோது, செல்கள் ஒன்றோடொன்று இணைந்து பூதாகரமாயின. காரணம் டெங்குவின் தூரத்து உறவான ஒரு வைரஸ். ஆனால் முதுகெலும்பிகளின் செல்களில் அதனால் பெருக முடியாது.

சரி, ரத்தம் வழியே பரவாவிட்டால் வேறு எப்படி? முக்கிய வழி தாயின் முட்டை. 1999-இல் கென்யாவில், மழைநீர் தேங்கிய பள்ளங்களில் எடுத்த ஏடிஸ் மெக்கின்டோஷி கொசுவின் புழுக்களிலும் கூட்டுப்புழுக்களிலுமே இதே வகையைச் சேர்ந்த கமிட்டி ரிவர் (Kamiti River) வைரஸ் கிடைத்தது. அவை இன்னும் யாரையும் கடித்திருக்கவே முடியாது! ஏடிஸ் முட்டைகள் வறண்ட நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருப்பதால், கோடையைக் கடப்பதும் வைரஸுக்குச் சுலபம்.

ரத்தமே குடிக்காத ஆண் கொசுக்களிலும் இத்தகைய வைரஸ்கள் காணப்படுகின்றன. இதுவும் நல்ல தடயம்.

ஆனால் எல்லா முட்டைகளுக்கும் தொற்று போய்ச் சேராது. முட்டையை மட்டும் நம்பினால், தலைமுறைக்குத் தலைமுறை வைரஸ் குறைந்துகொண்டே போகும். அந்த இழப்பை இனச்சேர்க்கை வழித் தொற்று ஓரளவு ஈடுகட்டும். அப்புறம், கொசுவுக்குப் பெரிய பாதிப்பு தராமல் அடக்கி வாசிப்பதும் முக்கியம்: தாய் முட்டையிடுமுன் செத்துப்போனால் வைரஸுக்கும் வாரிசு இல்லை.