குட்டைக்கரையில் விலை யார் கையில்? இறால் ஏற்றுமதி: கேள்வி பதில்

ஏற்றுமதிக் கம்பெனிகளுக்கு இறால் கொள்முதல் செய்து கொடுப்பது என் வேலை. விலை, கவுண்ட், வெளிநாட்டுச் சந்தை பற்றிக் கேளுங்கள், பேசலாம். குட்டையில் நோய் என்றால் நான் ஆள் இல்லை.

சீர்காழி: அண்ணே, எங்களிடம் 50 கவுண்ட் என்று எடுக்கிறார்கள். அமெரிக்காவில் இருக்கும் என் மச்சான் அனுப்பிய படத்தில் பாக்கெட் மேல் 31/40 என்று இருக்கிறது. நடுவில் என்ன நடக்கிறது?

நம்ம ஊரில் 50 கவுண்ட் என்றால் தலையோடு கிலோவுக்கு 50 உருப்படி. அதாவது ஒன்று 20 கிராம். தலையை எடுத்தால் சுமார் 35 சதவீதம் எடை போய் 13 கிராம் நிற்கும். அமெரிக்காக்காரர்கள் தலையில்லா இறாலைப் பவுண்டில் எண்ணுகிறார்கள். பவுண்டுக்கு 454 கிராம். அதை 13ஆல் வகுத்தால் 35 வருகிறது. அதனால்தான் 31/40, அதாவது பவுண்டுக்கு 31 முதல் 40 வரை. இதே கணக்கில் 30 கவுண்ட் இறால் 21/25க்குள் போய் உட்காரும். ஓடு உரித்துக் குடல் நரம்பும் எடுத்தால் எடை இன்னும் இறங்கும்.

இந்தக் கணக்கு தெரிந்தால் பிடிப்பு அன்றைக்குக் காசு மிஞ்சும். சாம்பிளை ஒரே கூடையின் மேற்புறத்திலிருந்து அள்ள விடாதீர்கள். மேல், நடு, அடி என்று வேறு வேறு கூடைகளில் எடுத்து, தண்ணீர் வடிந்த பிறகு நிறுத்து, உங்கள் ஆளும் கூட உட்கார்ந்து எண்ணட்டும். 50க்கும் 53க்கும் உள்ள வித்தியாசம் டன் கணக்கில் போகும்போது சின்னது இல்லை. எண்ணியதை அங்கேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

வேதாரண்யம்: சார், விலை எப்போது ஏறும்?

ஜோசியம் எனக்கு வராது. ஆந்திராவில் கோடைப் பயிர் மொத்தமாகப் பிடிபடும் நேரத்தில் ஏறாது, அதை மட்டும் நிச்சயமாகச் சொல்வேன்.

நாகப்பட்டினம்: இறாலுக்கு வெள்ளைக் கழிச்சல் நோய் வருகிறது. எந்த மருந்து போடலாம்?

சென்னையில் சிபா இருக்கிறது, உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம். அங்கே கேளுங்கள், கடைக்காரரைக் கேட்காதீர்கள். ஆன்டிபயாடிக் மட்டும் வேண்டாம். 2016 முதல் நம்ம வளர்ப்பு இறால் ஐரோப்பா போனால் பாதிக்குப் பாதி சரக்கைப் பரிசோதிக்கிறார்கள். தடை செய்யப்பட்ட ஆன்டிபயாடிக்கான குளோராம்பெனிகாலின் தடயம் தெரிந்தாலும் அந்தச் சரக்கு உள்ளே போகாது.

பட்டுக்கோட்டை: ஈக்வடார் இத்தனூண்டு நாடு. அவனால் எப்படி நம்மைவிட மலிவாகக் கொடுக்க முடிகிறது?

எனக்குப் பிடித்த கேள்வி. முதலில், இப்போது நாம் பெரும்பாலும் வளர்க்கிற வனாமி இறால் அவர்கள் கடலோரத்து இறால். நாம் 2009இல்தான் அனுமதித்தோம். அதற்கு முன் டைகர் இறால் வளர்த்து, தொண்ணூறுகளில் வெண்புள்ளி நோயில் குட்டை குட்டையாகப் பறிகொடுத்தோம். நமக்குத் தாய் இறால் பெரும்பாலும் ஹவாயிலிருந்தும் புளோரிடாவிலிருந்தும் விமானத்தில் வந்து, சென்னை நீலாங்கரையில் நோய் இல்லை என்று உறுதியாகும் வரை தனிமைக் காவலில் இருந்துவிட்டு, குஞ்சு பொரிக்கும் ஹேட்சரிக்குப் போகிறது. அவர்கள் சொந்தக் குட்டையில் நோய்க்குத் தப்பிப் பிழைத்ததையே தாயாக்கி, தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வந்தார்கள். பெரிய பெரிய குட்டை, குஞ்சு கம்மி, செலவும் கம்மி. நாம் சின்னக் குட்டையில் நெருக்கி விட்டு, தண்ணீரில் காற்றுக் கலக்கும் ஏரேட்டருக்குக் கரண்ட் பில் கட்டி, தீவனத்துக்கே பாதிச் செலவைக் கொடுக்கிறோம்.

அப்புறம் சீனா. சீனர்கள் தலையோடு கேட்கிறார்கள். ஈக்வடார்க்காரர் பிடித்த இறாலை அப்படியே உறைய வைத்துக் கப்பலேற்றிவிடுகிறார், உரிக்கிற கூலி இல்லை. 2022லேயே 10 லட்சம் டன்னைத் தாண்டிவிட்டார்கள். நம்ம உறைந்த இறால் ஏற்றுமதி 2024-25இல் 7,41,529 டன். நம் பலம் உரிக்கிற கை. அதில்தான் அமெரிக்காவைப் பிடித்தோம். இப்போது ஈக்வடார்க்காரர்களும் உரிக்க ஆரம்பித்துவிட்டார்கள், எனக்குக் கவலை அதுதான்.

நெல்லூரில் குத்தகைக்குப் பண்ணை வைத்திருப்பவர்: அமெரிக்கா போட்ட வரியை, இறாலை வாங்குகிற அமெரிக்காக்காரன்தானே கட்ட வேண்டும்? கம்பெனிகள் அதைச் சாக்கு வைத்து எங்கள் விலையை ஏன் வெட்டின?

சட்டப்படி இறக்குமதி செய்பவர்தான் கட்ட வேண்டும். ஆனால் இறாலில் அந்த 'இறக்குமதி செய்பவர்' பல நேரம் நம்ம கம்பெனியேதான். அடிமாட்டு விலைக்குக் கொண்டுவந்து கொட்டுகிறோம் என்று சொல்லி, 2005 முதல் நம் இறால் மேல் அமெரிக்காவில் பொருள்குவிப்புத் தடுப்பு வரி இருக்கிறது. சரக்கு போகும்போது ஒரு தொகை கட்டுவார்கள். இறுதி விகிதம் பின்னால் மறுஆய்வில் முடிவாகும், ஏறினால் வித்தியாசம் கட்ட வேண்டும். அந்தத் தலைவலி வேண்டாம் என்று அமெரிக்க வியாபாரி, "வரியெல்லாம் நீயே கட்டி என் கிடங்கில் கொண்டுவந்து போடு" என்று விலை பேசிவிடுவார். 2025 ஆகஸ்ட் 27இல் இந்தியச் சரக்கு மேல் அமெரிக்கா போட்ட கூடுதல் வரி 50 சதவீதம் ஆனது. பழைய பொருள்குவிப்பு வரி, நம் அரசு மானியத்தைக் காட்டிப் போட்ட 5.77 சதவீத மானிய ஈட்டு வரி எல்லாம் சேர்த்து அப்போது சுமார் 58 ஆனது. அப்போது ஈக்வடாருக்குக் கூடுதல் வரி 15தான் இருந்தது. பழைய விலைக்கு ஒப்பந்தம் போட்டவர் கையைச் சுட்டுக்கொண்டார்.

கடலூர் (குறுக்கிட்டு): அது அமெரிக்கா போகிற சரக்கு. போகாத கவுண்டுக்கும் ஏன் இறக்கினீர்கள்?

ஒரு வாசல் அடைத்தால் அந்தச் சரக்கு சீனா, வியட்நாம், ஜப்பான் என்று திரும்பும். எல்லாரும் அங்கே போய் நின்றால் அங்கேயும் விலை இறங்கும்.

நெல்லூர்: இறங்கும்போது மறுநாளே இறக்குகிறார்கள். ஏறும்போது ஒரு மாதம் ஆகிறதே?

இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை, ஏனென்றால் நீங்கள் சொல்வது நியாயம். கம்பெனியிடம் குளிர்கிடங்கு இருக்கிறது, காத்திருக்கலாம். உங்கள் இறால் குட்டையில் தினமும் தின்கிறது. அதனால் ஒரே ஏஜென்டை நம்பி உட்காராதீர்கள். பக்கத்துக் குட்டைக்காரர்களோடு பிடிப்பை ஒன்றாகப் பேசினால் லாரி நிறையும், லாரி நிறைந்தால் இரண்டு கம்பெனியாவது விலை சொல்லும்.

கடலூர்: சேர்ந்து பேசினால் முன்பணம் வாங்கியவன் முதலில் கழன்றுகொள்வான், ஐயா.

கழன்றுகொள்வான்தான். தீவனத்தையும் குஞ்சையும் கடனுக்கு வாங்கியவருக்கு விலை பேச வாயே கிடையாது. விலை பேச நினைப்பவர் கடனைப் பாதியாவது குறைத்துக்கொண்டுதான் குஞ்சு விட வேண்டும்.

தரங்கம்பாடி: இன்றைக்கு 40 கவுண்ட் என்ன விலை சார்? எப்போது ஏறும்?

வேதாரண்யத்துக்குச் சொன்னதுதான்.

சென்னை: ஹோட்டலில் நார்வே சால்மன் ஏன் இவ்வளவு விலை?

குளிர்ந்த கடலில் கூண்டு போட்டு வளர்க்க அங்கே உரிமம் வேண்டும், அது எளிதில் கிடைக்காது. அதோடு, ஐஸில் வைத்து விமானத்தில் வருகிற மீன் அது. மலிவாக வேண்டுமென்றால் வியட்நாம் பாசா மீன் இருக்கிறது. வாங்கும்போது மேலே பூசிய ஐஸைக் கழித்த எடையைப் பாருங்கள்.

வேதாரண்யம்: சார், கவுண்ட் 60இல் நிற்கிறது. 40 ஆகட்டும் என்று நிறுத்தி வைக்கலாமா? ஒரு குட்டையில் லேசாகக் கழிச்சல் தெரிகிறது.

கழிச்சல் தெரிகிற குட்டையை இந்த வாரமே பிடியுங்கள். மற்றதைப் பாதி பிடித்துவிட்டுப் பாதியை வளருங்கள். மருந்து போட வேண்டாம்.