பழைய ஜப்பானிய பாப் ஆல்பங்களில் மனதை இலகுவாக்கும் ஒன்றைச் சொல்ல முடியுமா? எந்தப் பாட்டிலிருந்து தொடங்கலாம்?

எயிச்சி ஓட்டாகியின் ‘எ லாங் வெகேஷன்’. 1981 மார்ச் 21 அன்று வெளியானது. பத்தே பாடல்கள், எல்பியின் (வினைல் இசைத்தட்டு) பக்கத்துக்கு ஐந்து. ஒன்பதுக்கு வரிகள் எழுதியவர், ‘ஹாப்பி எண்ட்’ குழுவில் அவரோடு இருந்த தகாஷி மட்சுமோட்டோ.

கேட்க லேசாக இருக்கும் இந்த இசை உள்ளே மிக அடர்த்தியானது. 1960களில் அமெரிக்க இசைத் தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டர் கையாண்ட முறையைத்தான் ஓட்டாகி எடுத்துக்கொண்டார். பல அகூஸ்டிக் கிதார்கள், பியானோக்கள், தாளக் கருவிகள் எல்லாம் ஒரே நேரத்தில் வாசிக்க, எதிரொலியில் அவை கலந்து ஒரே ஒலியாகிவிடும். எந்தக் கருவியும் தனியாக முன்னால் வந்து நிற்காது. அந்தத் திரளின் மேல் ஓட்டாகி குரலை உயர்த்தாமல், தாழ்ந்த தொனியில் பாடுகிறார். ஆல்பத்தின் நிம்மதி முழுக்க இந்த இரண்டின் சேர்க்கையில்தான் இருக்கிறது.

அதனாலேயே இதை ஃபோன் ஸ்பீக்கரில் கேட்கக் கூடாது. அடித்தொனி போய்விடும், கிதார்களும் காஸ்டனெட் என்ற கைத்தாளக் கருவியும் சேர்ந்து வெறும் இரைச்சலாகும். சாதாரண ஹெட்ஃபோன் போதும். பேஸ் பூஸ்ட், ‘சரவுண்ட்’ இரண்டையும் அணைத்துவிடுங்கள். எதிரொலி ஏற்கெனவே பதிவிலேயே இருக்கிறது, அதற்கு மேல் இன்னொன்று சேர்ந்தால் குரல் மூழ்கிவிடும்.

முதல் பாட்டான ‘கிமி வா தென்னென்ஷோகு’ ஸ்ருதி சேர்க்கும் ஒலியோடும் குச்சித் தட்டலோடும் தொடங்கும். வட்டில் பழுது என்று நினைத்துவிட வேண்டாம், அது வேண்டுமென்றே வைத்தது. இவ்வளவு பிரகாசமான பாட்டின் பின்னால் ஒரு துக்கம் இருக்கிறது. மட்சுமோட்டோவின் தங்கை 1980இல் இறந்தார். எழுத முடியவில்லை, வேறு ஆளைப் பாருங்கள் என்றார் அவர். ஓட்டாகி ஆல்பத்தையே தள்ளிவைத்துக் காத்திருந்தார். நிறம் இழந்த நினைவுகளுக்கு வண்ணம் கேட்கும் அந்தப் பல்லவியை இது தெரிந்து கேட்டால் வேறு மாதிரி ஒலிக்கும்.

ஓய்வுதான் நோக்கம் என்றால் வரிசையை மாற்றலாம்: ‘வெல்வெட் மோட்டெல்’, கேனரித் தீவுகளைப் பற்றிய மூன்றாம் பாட்டு, பிறகு இரண்டாம் பக்கத்தின் ‘அமே நோ வென்ஸ்டே’, ‘ஸ்பீச் பலூன்’, ‘கோய் சுரு காரென்’. தூங்கப் போகும் நேரமானால் கடைசிப் பாட்டை விட்டுவிடுங்கள். ‘சராபா சைபீரியா டெட்சுடோ’ பனியும் ரயிலுமாக வேகமெடுக்கும். தனியாகக் கேட்டால் அருமையான பாட்டு, ஆனால் வந்த தூக்கத்தைக் கலைத்துவிடும்.

2021 மார்ச் 21 முதல் ஸ்ட்ரீமிங்கிலும் கிடைக்கிறது. எல்பி வாங்குபவர்கள் முதல் பதிப்பின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்: 27AH 1234. முன்னால் இருக்கும் 27, அன்றைய விலையான 2,700 யென்னைக் குறிக்கிறது. பழைய பிரதியில் இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பாட்டைப் போட்டுப் பார்த்துவிட்டே வாங்குங்கள். வட்டின் மையத்தை நெருங்க நெருங்க ஒரு சுற்றில் ஊசி ஓடும் பள்ளத்தின் நீளம் குறைகிறது. தேய்மானம் முதலில் அங்கேதான் கரகரப்பாகத் தெரியும். உறையில் ஹிரோஷி நாகாய் வரைந்த நீச்சல்குளம் இருக்கிறது, அதற்காகவே எல்பி வாங்கலாம். 1982 அக்டோபரில் உலகின் முதல் சிடிக்கள் ஜப்பானில் விற்பனைக்கு வந்தபோது அந்தத் தொகுதியில் இதுவும் இருந்தது.

இது பிடித்துப்போனால் அடுத்து 1984இல் வந்த ‘ஈச் டைம்’ கேளுங்கள்.