1940-இல் ஈட்டி ஏது?

கேள்வி: எங்கள் கல்லூரி நாடகக் குழு ஒரு மணி நேர நகைச்சுவை நாடகம் போடுகிறது. 1940 செப்டம்பர், இங்கிலாந்தில் ஒரு கடலோரச் சிற்றூர். தபால்காரர், மருந்துக்கடைக்காரர், ஓய்வுபெற்ற வாத்தியார் என ஏழு பேர் ஊர்க்காவல் படையில் சேர்ந்து, ஈட்டியும் பாட்டில் சுடும் பீரங்கியுமாக ஜெர்மன்காரனுக்குக் காத்திருக்கிறார்கள். ஒத்திகையில் முதல் பத்து நிமிடம் சிரிக்கிறார்கள், அப்புறம் சத்தமே இல்லை. எங்கே பிசகு? ஆயுதம், உடை பற்றியும் சொல்லுங்கள். (ஒரு வாசகர், திருச்சி)

பதில்: முதல் பிசகு தேதியில். ராணுவம் தயாரித்த ஈட்டியும் அந்த பாட்டில் பீரங்கியும் 1940 செப்டம்பரில் அவர்கள் கையில் கிடையாது. ஒவ்வொரு ஆளுக்கும் ஏதாவது ஓர் ஆயுதம் வேண்டும், ஈட்டியானாலும் சரி என்று சர்ச்சில் எழுதியது 1941 ஜூனில். அதை அட்சரம் பிசகாமல் எடுத்துக்கொண்ட போர் அமைச்சகம், இரும்புக் குழாயில் துப்பாக்கிக் கத்தியைப் பற்றவைத்து இரண்டரை லட்சம் ஈட்டிகளுக்கு ஆர்டர் போட்டது. அவை வந்து சேர்ந்தபோது பலரிடம் நல்ல துப்பாக்கியே இருந்தது. அவமானமாக எடுத்துக்கொண்டார்கள், நாடாளுமன்றத்தில் கேலி எழுந்தது, பெரும்பாலானவை கிடங்கை விட்டு வெளியே வரவில்லை. ஈட்டிதான் வேண்டுமென்றால் கதையை 1942-க்குத் தள்ளுங்கள். நார்த்தோவர் என்ற பாட்டில் பீரங்கியும் அப்போது இயல்பாகப் பொருந்தும். காற்று பட்டாலே எரியும் பாஸ்பரஸ் நிரப்பிய கண்ணாடி பாட்டிலைக் கருமருந்தால் உந்தித் தள்ளுகிற குழாய் அது. பச்சை மூடி பாட்டில் பீரங்கிக்கு, சிவப்பு மூடி கையால் எறிய. சிவப்பு மூடியின் கண்ணாடி மெல்லியது. குழாய்க்குள்ளேயே உடைந்தால் சுடுகிறவர் கதி அதோகதிதான். இருட்டில் மூடியின் நிறம் தெரியாமல் ஏழு பேர் வாதாடுகிற காட்சிக்கு வசனகர்த்தாவே தேவையில்லை.

ஆனால் எங்கள் யோசனை, செப்டம்பரை விடாதீர்கள். 1940 செப்டம்பர் 7 இரவு ‘கிராம்வெல்’ என்ற சங்கேதச் சொல் அனுப்பப்பட்டது. படையெடுப்பு எந்நேரமும் வரலாம், தயாராக இருங்கள் என்பதே அதன் பொருள். பல இடங்களில் எதிரி வந்துவிட்டான் என்றே புரிந்துகொண்டார்கள். அந்த ஜூன் மாதம் முதல் தேவாலய மணிகளை அடிக்கத் தடை. படையெடுப்புக்கு மட்டும்தான் அடிக்கலாம். அன்றிரவு சில ஊர்களில் அடித்துவிட்டார்கள். ஓர் ஊர் மணியைக் கேட்டு அடுத்த ஊர், அதைக் கேட்டு அதற்கடுத்த ஊர். இந்தக் குழப்பத்துக்குப் பிறகுதான், பாராசூட்டில் இருபத்தைந்து பேராவது இறங்குவதைத் தன் கண்ணால் பார்த்த ஊர்க்காவல் வீரர் சொன்னால் மட்டுமே மணி அடிக்க வேண்டும், வேறு மணி கேட்டது என்பதற்காக அடிக்கக்கூடாது என்று உத்தரவு வந்தது. உங்கள் ஒரு மணி நேரமும் ஒரே கேள்வியில் நிற்கட்டும்: பக்கத்து ஊரில் மணி கேட்கிறது, நாம் அடிப்பதா வேண்டாமா? கடைசிக் காட்சியில் அந்த உத்தரவு வரட்டும்.

சிரிப்பு வற்றுவதற்கு இன்னொரு காரணம், ஏழு பேரையும் அசடுகளாக எழுதியிருப்பீர்கள். அசட்டுத்தனம் பத்து நிமிடம்தான் தாங்கும். ஒவ்வொருவர் சொல்வதிலும் நியாயம் இருக்க வேண்டும். ஏழு நியாயமும் சேரும்போது விபரீதமாக வேண்டும். மே 14 அன்று போர் அமைச்சர் ஆண்டனி ஈடன் வானொலியில் இந்தப் படைக்கு அழைத்தது 17 முதல் 65 வயதுள்ள ஆண்களை. ஒரே வாரத்தில் இரண்டரை லட்சம் பேர் பெயர் கொடுத்தார்கள். ஆகவே எல்லாரையும் கிழவர்களாக்க வேண்டாம். முதல் உலகப் போரில் அடிபட்ட நாற்பத்தைந்து வயதுக்காரர் இருவர், ராணுவ அழைப்புக்குக் காத்திருக்கும் பதினேழு வயதுப் பையன், வேலை காரணமாக ராணுவத்தில் சேர்க்கப்படாத ரயில்வே ஊழியர் ஒருவர் கட்டாயம் இருக்கட்டும்.

யாரையும் ‘கேப்டன்’ என்று அழைக்காதீர்கள். முறையான அதிகாரிப் பதவிகள் 1941 பிப்ரவரியில்தான் வந்தன. அதுவரை தளபதி என்பது பொறுப்பு மட்டுமே. மருந்துக்கடைக்காரர் ஆணையிடுவார், ஓய்வுபெற்ற கர்னல் வரிசையில் நிற்பார். போதாததற்கு, 14 நாள் முன்னறிவிப்பு கொடுத்துவிட்டு யார் வேண்டுமானாலும் விலகலாம். திட்டு வாங்கியதும் பென்சிலும் காகிதமும் தேடுகிற ஓர் ஆள் இருந்தால் உங்கள் நாற்பதாவது நிமிடமும் பிழைக்கும்.

உடை சுலபம். அப்போது பலருக்கும் கிடைத்தது காக்கி டெனிம் சட்டையும் கால்சட்டையும்தான். சீருடைக்கு மேல் அணியத் தைத்தவை, அதனால் தொளதொளவென்று இருக்கும். முரட்டு காக்கித் துணியில் நடிகரின் அளவைவிட இரண்டு அளவு பெரிதாகத் தையுங்கள், கழுத்தை இன்னும் அகலமாக. கையில் ‘ஹோம் கார்டு’ (ஊர்க்காவல் படை) என்ற பட்டை. ஜூலையில்தான் படையின் பெயர் இப்படி மாறியது என்பதால் ஒருவர் மட்டும் பழைய பெயரான ‘லோக்கல் டிஃபென்ஸ் வாலண்டியர்ஸ்’ என்பதன் சுருக்கமான ‘எல்.டி.வி.’ பட்டையோடு வரலாம்.

துப்பாக்கி, அமெரிக்காவிலிருந்து வந்த பி-17. முதல் உலகப் போர்ச் சரக்கு, கெட்டி கிரீஸில் முக்கியபடி வந்தது. அதன் தோட்டா அளவு பிரிட்டிஷ் தோட்டாவிலிருந்து வேறு. மாற்றிப் போட்டால் சிக்கிக்கொள்ளும். அடையாளத்துக்கு முன்கட்டையில் இரண்டு அங்குலச் சிவப்புப் பட்டை அடித்தார்கள். நீளம் 117 செ.மீ., எடை நான்கு கிலோவுக்குச் சற்று மேல். தக்கைமரத்தில் செய்தால் நடிகர் குச்சியைப் போல் சுழற்றுவார், காட்சி கெட்டுவிடும். உள்ளே இரும்புக் கம்பி செருகி மூன்று கிலோவாவது வையுங்கள். ஏழு பேருக்கு நான்கு துப்பாக்கி போதும்; மற்றவர்களுக்கு ஒரு வேட்டைத் துப்பாக்கி, பெட்ரோல் நிரப்பிய பீர் பாட்டில். மேடையில் பாட்டிலுக்குள் தேநீர் நிறத் தண்ணீர்தான், தீப்பெட்டி பக்கமே வரக்கூடாது.

இருட்டடிப்புக் காலம் என்பதால் தெருவிளக்கு இல்லை. டார்ச் கண்ணாடியில் மெல்லிய வெள்ளைத் தாளை இரண்டு மடிப்பாக ஒட்டி, ஒளியைத் தரையை நோக்கியே பிடிக்கச் சொல்லுங்கள். பின்னணிக்கு மங்கலான நீல விளக்கு போதும். மணியோசையை ஒலிபெருக்கியில் அரங்கின் பின்பக்கத்திலிருந்து விடுங்கள், மேடையிலிருந்து வேண்டாம். அப்போதுதான் ஏழு பேரும் பார்வையாளர் பக்கம் திரும்பிக் காதைத் தீட்டுவார்கள், முகமும் தெரியும்.