பூச்சி மூளைக்குப் போகாது. பல்பம் தின்பதைக் கவனியுங்கள்

கேள்வி: என் மகளுக்கு 7 வயது. மலத்தில் நீளமாக ஒரு நாக்குப்பூச்சி வந்தது. பூச்சி மூளைக்கு ஏறி வலிப்பு வரும் என்று ஒரு வீடியோவில் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. மருந்துக்கடையில் கேட்டு மாதாமாதம் பூச்சி மருந்து கொடுக்கிறேன். ராத்திரியில் பல்லைக் கடிக்கிறாள், கன்னத்தில் வெள்ளைத் தேமல் இருக்கிறது. பல்பமும் சுவர் மண்ணும் தின்கிறாள், அடித்தும் விடவில்லை. முன்போல ஓடி விளையாடுவதும் இல்லை.
- ஒரு தாய், பென்னாகரம்

பதில்: நாக்குப்பூச்சி மூளைக்குப் போகாதம்மா. முட்டையிலிருந்து வரும் குஞ்சு ஈரல், நுரையீரல் என்று சுற்றிவிட்டு மறுபடி குடலுக்கே வந்து சேரும். வலிப்பு உண்டாக்குவது பன்றி நாடாப்புழுவின் முட்டை. அது வேறு புழு, வேறு நோய். அந்த வீடியோ இரண்டையும் போட்டுக் குழப்பியிருக்கிறது. பல்லைக் கடிப்பதற்கும் தேமலுக்கும் பூச்சி காரணமில்லை, விடுங்கள்.

எனக்குக் கவலை தருவது நீங்கள் கடைசியில் எழுதியதுதான். பல்பம், மண் தின்னும் குழந்தை, விளையாடாமல் உட்கார்ந்துவிடும் குழந்தை என்றால் முதலில் ரத்தசோகையைத்தான் நினைக்க வேண்டும். அது கெட்ட பழக்கம் அல்ல, நோயின் அறிகுறி. தயவுசெய்து அடிக்காதீர்கள். நாக்குப்பூச்சி இருக்கும் வயிற்றில் கொக்கிப்புழுவும் இருக்கலாம். வெளிக்குப் போகும் இடத்து ஈர மண்ணில், வெறுங்காலில் நடக்கும்போது தோலைத் துளைத்து ஏறும். குடல் சுவரைக் கடித்து ரத்தம் குடிக்கும். ஒரு சென்டிமீட்டர்தான் நீளம், மலத்தில் சாதாரணமாகக் கண்ணில் படாது. அதனால் ‘பூச்சி விழவில்லை, சரியாகிவிட்டது’ என்று இருந்துவிடாதீர்கள்.

கீழ் இமையை இழுத்துப் பாருங்கள். உள்பக்கம் வெளுத்திருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்த வாரமே ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபினும் மலமும் பரிசோதியுங்கள். இந்த வயதில் ஹீமோகுளோபின் 11.5-க்குக் கீழே போனால் ரத்தசோகை. 8-க்குக் கீழே இருந்தாலோ, நடந்தாலே மூச்சு வாங்கினாலோ, கால் வீங்கினாலோ அன்றைக்கே தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். வயிறு உப்பி, பச்சையாக வாந்தி எடுத்தாலும் அப்படித்தான், ஒரு நிமிடம் தாமதிக்கக் கூடாது.

மாதாமாதம் மருந்து கொடுப்பதை இன்றோடு நிறுத்துங்கள். அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் ஒரு மாத்திரை, நன்றாக மென்று சாப்பிட வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை போதும். பள்ளியில் குடற்புழு நீக்க நாளன்று கொடுப்பதும் இதே மாத்திரைதான். பரிசோதனையில் புழு தெரிந்தால் எப்போது, எத்தனை என்று மருத்துவர் சொல்வார், கடைக்காரர் அல்ல. விளக்கெண்ணெய் கொடுத்துப் பேதியாக்கும் வேலையும் வேண்டாம்.

புழு செத்தாலும் இழந்த ரத்தம் தானாக ஊறிவிடாது. களியும் கீரையும் நல்லதுதான், ஆனால் ரத்தசோகை வந்த பிறகு அவை மட்டும் போதாது. எடைக்கு ஏற்ற இரும்புச்சத்து மருந்து வேண்டும். அதை டீயோடு கொடுக்காதீர்கள். மலம் கறுப்பாகப் போகும், பயப்படாதீர்கள். ஒரு மாதம் கழித்து மறுபடி ரத்தம் பார்க்க வேண்டும். அதற்குள் முகம் தெளிந்து விளையாட ஆரம்பித்துவிடுவாள், அப்போதும் மருத்துவர் சொல்லும் வரை, பெரும்பாலும் மூன்று மாதம், மருந்தை நிறுத்தாதீர்கள்.