வரைபடத்தில் சிவப்பு ஏன்?

கேள்வி: சென்னையின் குற்றப் புள்ளிகளை மக்கள்தொகை விவரங்களோடு பொருத்தி வரைந்தால், எப்படிப்பட்டவர்கள் வாழும் வட்டாரங்களில் குற்றம் மிகுகிறது என்று கண்டுகொள்ளலாம் அல்லவா?
- வாசகர், பெரம்பூர்

பதில்: குற்றம் எங்கே பதிவானது என்பதை வரைபடம் காட்டும், செய்தவர் எங்கே வசிக்கிறார் என்பதைக் காட்டாது. 1829-இல் புவியியலாளர் பால்பியும் புள்ளியியலாளர் கெரியும் பிரான்சின் குற்றங்களையும் கல்வியையும் அருகருகே வரைபடமாக்கியபோது, கல்வி மிகுந்த வடபகுதிகளில் சொத்துக் குற்றங்கள் அதிகமாகத் தெரிந்தன. படித்தவர்களே திருடினார்கள் என்று அதற்குப் பொருளில்லை.

இங்கே அதைவிடப் பெரிய சிக்கல், எதை எதனால் வகுக்கிறோம் என்பது. தீபாவளிக்கு முன் ரங்கநாதன் தெருவில் நடக்கும் பிக்பாக்கெட் திருட்டுகளை அங்கே குடியிருக்கும் சிலரின் எண்ணிக்கையால் வகுத்தால், தியாகராய நகரே வரைபடத்தில் சிவந்து, அச்சுறுத்தும் இடமாகிவிடும். நகரின் குடிசைப் பகுதிகளிலிருந்து மாற்றப்பட்டவர்களுக்கான பெரும்பாக்கத்தின் அடுக்குமாடிகளிலோ, ஆயிரக்கணக்கான குடும்பங்கள் 2011 கணக்கெடுப்புக்குப் பிறகே குடியேற்றப்பட்டன. பழைய எண்ணிக்கையால் வகுக்கும்போது அந்தப் பகுதியின் குற்ற விகிதம் பொய்யாக வீங்குகிறது. மறுகுடியமர்வுப் பகுதிகளின் இளைஞர்கள், முகவரியைச் சொன்னதுமே வேலை மறுக்கப்படும் நிலையில் இருப்பதால், இந்தப் பிழையை நான் சிறிதாக எண்ணவில்லை. தவிர, 2011-இல் 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426-ஆக விரிந்த மாநகராட்சியின் 200 வார்டுகளும் காவல் நிலைய எல்லைகளும் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை; ஆகவே ஒரு பகுதியின் குற்றங்களை அதே பகுதியின் மக்கள்தொகையால் வகுப்பதே கடினம்.

புகார் தரத் தயங்குவோர் வாழும் தெருக்கள் வரைபடத்தில் வெளிறியே இருக்கும். எந்த நேரத்தில், எந்தப் பேருந்து நிறுத்தத்தில், விளக்கில்லாத எந்தச் சந்தில் வழிப்பறி நடக்கிறது என்று கேளுங்கள். அதற்கு வரைபடம் நன்றாகவே பதில் சொல்லும்.