அசிட்டோன் கேன்: 5 நிமிடச் சோதனை போதாது

20 லிட்டர் பிளாஸ்டிக் கேனில் அசிட்டோன் அனுப்பப் போகிறீர்கள். கேன் தயாரித்தவர் ‘100 கிலோபாஸ்கலில் 5 நிமிடம் சோதித்தாச்சு’ என்கிறார், அது போதுமா என்கிறீர்கள். அழுத்தம் சரி, நேரம்தான் இடிக்கிறது. ஆபத்தான சரக்குகளை அனுப்புவதற்கான ஐ.நா. விதிப்படி, கலனுக்குள் நீரை அடைத்து அழுத்தம் கொடுக்கும் நீரழுத்தச் சோதனையில் உலோகக் கலனுக்குத்தான் 5 நிமிடம். பிளாஸ்டிக்குக் குறைந்தது 30 நிமிடம், அதுவும் மூன்று மாதிரிகளில். பிளாஸ்டிக் மெதுவாக உப்பி அப்புறம்தான் விரிசல் விடும், 5 நிமிடத்தில் ஒன்றும் தெரியாது.

அழுத்தக் கணக்கு இது: 50 டிகிரி செல்சியஸில் அசிட்டோனின் ஆவியழுத்தம் ஏறக்குறைய 82 கிலோபாஸ்கல். அதை 1.75ஆல் பெருக்கி 100 கழித்தால் 43தான் வரும். ஆனாலும் சோதனை அழுத்தம் 100க்குக் கீழே போகக் கூடாது. அசிட்டோன் இரண்டாம் பேக்கிங் குழு (நடுத்தர ஆபத்துள்ள பொருள்) என்பதால் அதுவே போதும். முதல் குழு (அதிக ஆபத்து) என்றால் 250 வேண்டும்.

ஒருவேளை அவர் சொல்வது காற்றடைத்து நீருக்குள் அமுக்கிப் பார்க்கும் கசிவுச் சோதனையாக இருக்கலாம், அதற்கும் 5 நிமிடம்தான். இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். வாய்ப்பேச்சை விட்டுவிட்டு, சோதனை அறிக்கையையே கேட்டு வாங்குங்கள். கேனில் அச்சிட்ட தயாரிப்பு மாதத்தையும் பாருங்கள், பிளாஸ்டிக் கேனை பொதுவாக ஐந்து வருடம்தான் பயன்படுத்தலாம்.